ஆலங்காயத்தில் நின்ற நீலப் புள்ளி

ஜெஸ்வினின் செல்போன் மோர்ப் பானைக்குள் விழுந்தபோது சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 'ப்ளுக்'. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விழுந்த மௌனம்தான் மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

தப்பு அவனுடையதேதான். மலை ஏறின வழியெல்லாம் ஜீப்பின் முன்கண்ணாடி ஓரம், சுள்ளென்ற வெயிலில் போனை நிறுத்தி, மேப்பும் ஓட்டி வீடியோவும் எடுத்து அதைப் படாத பாடு படுத்தியிருந்தான். புதூர்நாடு வந்து சேரும்போது போன் தோசைக்கல்லாகக் காய்ந்து, 'இனிமேல் என்னால் முடியாது' என்று திரையை இருட்டாக்கிக்கொண்டது. வந்து நுழைந்த வீட்டின் மூலையிலோ ஈரத்துணி சுற்றின மண்பானை ஒன்று ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தோதாக ஒரு புளி மூட்டை. ஜெஸ்வின் மூட்டை மேல் உட்கார்ந்து, போனைப் பானையின் விளிம்பில் சாய்த்து வைத்து, தன் மூளையை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்,

"அங்க ஒக்காராதீங்க!"

என்று ஒரு குரல் வெடித்தது. ஜெஸ்வின் துள்ளி எழுந்தான். முழங்கை இடித்தது. ப்ளுக்.

கத்தினவன் பிரவின்ராஜ். அந்த வீட்டுப் பிள்ளை. ஜீப் ஓட்டுகிறவன், அடுத்த மாதம் மாப்பிள்ளை ஆகப்போகிறவன். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் குரலை இறக்கிக்கொண்டான். "புளிங்க. பேண்ட்ல ஒட்டிக்கும்னு சொன்னேன்."

அவன் அம்மா ஞானமேரி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "விசாரணைக்கு வர்றவங்க ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிப்பாங்க, பாத்திருக்கேன். முக்கி எடுக்குறத இன்னிக்கிதான் பாக்குறேன்."

"உப்பு போதுமான்னு பாத்தேங்க ஆன்ட்டி."

"போதுமா?"

"போன்தான் சொல்லணும். அது இனிமே பேசாது."

சம்பூர்ணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டேய், எடுத்துத் தொடச்சி பையில போடு. அம்மா, நீங்க சொல்லுங்க."

சம்பூர்ணம் என்றால் வாணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற 'சம்பூர்ணம் விசாரணை நிலையம்'. போர்டில் துப்பறியும் கண்ணாடி எல்லாம் வரைந்திருந்தாலும், வருகிற கேஸில் பத்துக்கு ஒன்பது கல்யாண விசாரணைதான். பையன் குடிக்கிறானா, பெண்ணுக்கு வேறெங்காவது பேச்சு இருக்கிறதா, சொன்ன வேலை நிஜ வேலையா. ஐம்பதைத் தாண்டின பெண்மணி. காட்டன் புடவை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு டேப்லெட். சத்தம் போட்டு யாரும் அவளைப் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம். ஜெஸ்வின் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தான். "துப்பறியப் போப்பா, அங்க ஒடைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று அந்தக் கடை முதலாளி மனசார வாழ்த்தித்தான் அனுப்பி வைத்தார். பாவம், மோர்ப் பானையை அவர் யோசிக்கவில்லை.

ஞானமேரி சொன்ன விஷயம் இதுதான். பிரவின்ராஜுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பெண் ஷைலா. மலைமேல் குழந்தைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிற படிப்பு மையத்தில் டீச்சர். 'இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று ஃபாதர் பூசையில் அறிவிக்கிற கல்யாண ஓலை, கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளைக்கு. அதோடு முடிந்தது, பிறகு தாலிதான். இந்த நேரம் பார்த்து, போன செவ்வாய்க்கிழமை மையத்து டேப்லெட் எட்டில் ஒன்று காணாமல் போயிற்று. அலமாரிப் பூட்டு உடையவில்லை. சாவி ஷைலாவிடம்.

"திருப்பத்தூர் ஆபீஸ்ல ஏசுராஜ்னு மேலாளரு. அவுரு கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்திருக்காரு" என்றாள் ஞானமேரி. "செவ்வாக்கெழம சாயந்தரம் அந்த டேப்பு ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நிக்குதுன்னு காட்டியிருக்கு. இளவழகன்னு ஒருத்தன் பழைய செல்போன் வாங்கி விக்கிற கடை வெச்சிருந்தானே, அச்சு அசலா அந்தக் கடை மேலயே."

"ஷைலா அன்னிக்கி ஆலங்காயம் போச்சா?" என்றாள் சம்பூர்ணம்.

"போச்சே! பிளவுஸ் தைக்கக் குடுக்கப் போனேன்னு சொல்லுது. திங்கக்கெழம ஆபீஸ்காரங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். எழுதிக் குடுத்தா வேலையும் போச்சு, பேரும் போச்சு. திருடின்னு பேரெடுத்த பொண்ண நான் எப்படி வூட்டுக்குள்ள கூட்டியார்றது? நாளைக்கு ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாவணும்."

ஜெஸ்வின் மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். "நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"நான் இன்னாங்க நெனைக்கிறது" என்று பிரவின்ராஜ் தரையைப் பார்த்தான்.

"அந்த டேப்ப நீங்க பாத்திருக்கீங்களா?"

"அந்த மாதிரி பொருளெல்லாம் நான் கையால தொட்டதுகூட இல்லீங்க. பெரிய சைஸ் போனு. அவ்ளோதான் தெரியும்."

ஜெஸ்வின் மனசுக்குள் குறித்துக்கொண்டான். கேட்டது இரண்டு. நேரான பதில் ஒன்று. அந்த ஒன்றும் கொஞ்சம் கோணல்.

*

படிப்பு மையத்துக்கு பிரவின்ராஜின் ஜீப்பிலேயே போனார்கள். வேறு வண்டி கிடையாது. வழி முழுக்க மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஜெஸ்வின் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தான். ஜீப் மட்டும் குலுங்கியது.

ஒரே அறை. ஓட்டுக்கூரை. சுவரெல்லாம் குழந்தைகள் கை வைத்த தடம். ஷைலா சாமைக் கதிர் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. அழக்கூடாது என்று முடிவு பண்ணின முகம்.

"அலமாரிய யாரு பூட்டினது?" என்றாள் சம்பூர்ணம்.

"நான்தாங்க."

"எண்ணிப் பாத்துப் பூட்டினியா?"

"பசங்க கத்திக்கிட்டிருந்தாங்க. அப்படியே பூட்டிட்டேன். மறுநாள் காலைலதான் ஒண்ணு கொறைஞ்சது தெரிஞ்சிது."

"அன்னிக்கி சாயந்தரம் இந்த ரூமுக்குள்ள யாரு யாரு வந்தாங்க?"

"பசங்க வந்தாங்க. பசங்க போனாங்க."

"பெரியவங்க?"

ஷைலா பசைக் குச்சியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "இந்தப் பசங்கள்ல பாதி பேரு பெரியவங்க மாதிரிதாங்க பேசும்."

ஜெஸ்வினுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நேரா கேக்குறேன். நீங்க எடுத்தீங்களா?"

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "எடுத்தேன்னு சொன்னா நம்புவீங்களா, எடுக்கலன்னு சொன்னா நம்புவீங்களா?"

"எங்க தொழில்ல ரெண்டையும் நம்பறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

இவளைக் கட்டிக்கொள்கிறவன் வாழ்நாளில் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயிக்கப் போவதில்லை என்று ஜெஸ்வின் நினைத்துக்கொண்டான். ஷைலாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே பிரவின்ராஜ் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி அது.

"திங்கக்கெழம போலீஸுக்குப் போறாங்களாம். தெரியுமில்ல?" என்றாள் சம்பூர்ணம்.

"தெரியுங்க."

"பயமா இல்லியா?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானங்க. இன்னும் நேரம் இருக்குது" என்றாள் ஷைலா. யாருக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜெஸ்வின் கிசுகிசுத்தான். "அக்கா, இந்தப் பொண்ணு எதையோ மறைக்குது."

"எதைன்னு ஒனக்குத் தோணுது?"

"அதைத்தான் ஒங்கள கேக்குறேன்."

"என்னை ஏன் கேக்குற?"

அவனுக்குச் சம்பளம் கொடுப்பது தவிர மற்ற எல்லாவற்றையும் சம்பூர்ணம் கேள்வியாகத்தான் கொடுப்பாள்.

*

இளவழகனைத் தேடி ஆலங்காயத்துக்கு இறங்க வேண்டியிருக்கவில்லை. ஆள் இங்கேதான் இருந்தான். முதல் ஓலை வாசித்த வாரத்தில் அந்தக் கடையைக் காலி பண்ணிவிட்டு மலையேறி வந்து, புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டில் ஆன்லைன் சேவை மையம் போட்டுவிட்டான். ஜாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் இனிமேல் யாரும் பஸ் ஏறத் தேவையில்லை. ஒரு சின்ன ரூம், ஒரு கம்ப்யூட்டர். சுவரில் பச்சை விளக்கு மினுக்குகிற வெள்ளைப் பெட்டிகள் இரண்டு. கடையின் பின்சுவரும் ஞானமேரி வீட்டுச் சுவரும் ஒரே சுவர்.

பிரவின்ராஜ் அவர்களை இறக்கிவிட்டு, கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

"ஷைலா ஒங்ககிட்ட டேப் விக்க வந்தாங்களா?" என்றான் ஜெஸ்வின்.

"கடையே இல்லாத எடத்துல வந்து எப்படி சார் விப்பாங்க?" என்றான் இளவழகன்.

"இது பதில் இல்லீங்க. இதுவும் கேள்வி."

"செவ்வாக்கெழம முழுக்க நான் இங்கதான் இருந்தேன். ஊரே வரிசைல நின்னுச்சு, கேட்டுப் பாருங்க. ஆனா யாரு சார் கேக்குறாங்க? பழைய போனு வாங்குனவன்னா திருட்டுப் போனு வாங்குனவன்னு முடிவு பண்ணிட்டாங்க." அவன் கீபோர்டைத் தட்டினான். அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. "அந்த டேப்புங்கள ரிப்பேர் பண்ணது நான்தான், ஒத்துக்கிறேன். போன மாசம் எட்டையும் ஆலங்காயம் கடைல வெச்சி, என் வைஃபைல போட்டு, எல்லாத்தையும் அப்டேட் பண்ணிக் குடுத்தேன். அதுக்கு ஷைலா வந்து போச்சு. சிரிச்சுப் பேசிச்சு. சிரிச்சா தப்பா?"

"யாராச்சும் தப்புன்னு சொன்னாங்களா?" என்றாள் சம்பூர்ணம்.

இளவழகன் பின்சுவரைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தான். "அதெல்லாம் பாத்துக்கலாம் விடுங்கம்மா."

ஜெஸ்வின் பெருமூச்சு விட்டான். இந்த மலையில் பலா விளைகிறது, சாமை விளைகிறது, புளி விளைகிறது. நேரான பதில் மட்டும் விளைவதில்லை. சரி, அந்த ஆலங்காயம் இடத்தையாவது மேப்பில் ஒழுங்காகப் பார்ப்போம் என்று பையில் கை விட்டால் வந்தது மோர் வாசனை.

"அக்கா, ஒங்க டேப்பக் குடுங்களேன்."

"ஒடைச்சா?"

"சம்பளத்துல கழிச்சுக்குங்க. இந்தக் கடைல மோர் இல்ல, தைரியமா குடுங்க."

இளவழகன் வைஃபை பாஸ்வேர்டு சொன்னான். ஜெஸ்வின் மேப்பைத் திறந்து, ஆலங்காயத்தைத் தேடி, பஸ் ஸ்டாண்டைப் பெரிசாக்கி, அதற்குப் பின்னால், ஏசுராஜ் கண்டுபிடித்ததாக ஞானமேரி சொன்ன இடத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். டேப்பைச் சட்டையில் துடைத்துவிட்டும் பார்த்தான்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். நாம இப்ப ஆலங்காயத்துல இருக்கோம்."

"வெயில்ல தொப்பி போடுன்னு சொன்னேன் ஒனக்கு."

"இல்லக்கா, பாருங்க! 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்'னு நீலப் புள்ளி எங்க நிக்குதுன்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. இவரு பழைய கடை மேல. காணாமப்போன டேப்பு நின்ன அதே எடத்துல!"

சம்பூர்ணம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். நீலப் புள்ளி மெதுவாக இமைத்தது. மலைமேல் உட்கார்ந்திருக்கிற அவர்களை, அடிவாரத்தில் இருப்பதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டு.

"ஒன் போனு உசுரோட இருந்திருந்தா இன்னா காட்டியிருக்கும்?"

"புதூர்நாடுன்னு கரெக்டா காட்டியிருக்கும்."

"அதுக்குத் தெரியறது இதுக்கு ஏன் தெரியல? ரெண்டும் ஒண்ணுதானே? சின்னது, பெரிசு."

ஜெஸ்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவுக்குத் தெரியாதது ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை ருசித்துத்தான் சொன்னான்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. உள்ள இருக்குற சிப்பு வேறக்கா. போனுங்கறது ஒத்த ரூம் வூடு மாதிரி. சமையல், படுக்கை, ரேடியோ எல்லாம் அந்த ஒரே ரூம்ல. டவரோட பேசற வேல, வானத்துல சேட்டிலைட்டப் பாத்து நாம எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கிற வேல, எல்லாத்தையும் நகத்தளவு சிப்புக்குள்ள அடைச்சிருப்பாங்க. ரூம் சின்னது, அடுப்ப ரொம்ப நேரம் எரிய விட்டா உள்ள இருக்கறவன் வெந்துடுவான். அதான் போன் சிப்பு சூடாச்சுன்னா வேலையக் கொறைச்சிக்கும். ரொம்பப் போனா படுத்துக்கும்."

"ஒன் போனு படுத்த மாதிரி."

"அத ஞாபகப்படுத்தாதீங்க. டேப்புக்கு ஒடம்பு பெருசு. சூடு பரவ எடம் இருக்கு, பேட்டரியும் பெருசு. அதனால நல்ல டேப்புக்குப் போடற சிப்பு படம், வீடியோன்னு அடுப்ப நல்லா எரிய விடும். ஆனா இந்த மாதிரி வைஃபைக்கு மட்டும்னு செய்யற ரகம் இருக்கு பாருங்க, இது வூட்டுல வெச்சிப் பாக்கற சாமான். டவரோட இதுக்கு இன்னா பேச்சு? அதனால அந்தப் பாகத்தையே வெச்சிருக்க மாட்டாங்க. சிம் போட எடம் இல்ல. இந்த ரகத்துல சேட்டிலைட்டப் பாக்கற பாகமும் இல்ல."

"அப்புறம் நாம எங்க இருக்கோம்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருக்கற வைஃபைப் பெட்டியப் பாத்துச் சொல்லும். எந்தெந்தப் பெட்டி எந்தெந்த ஊர்ல இருக்குன்னு மேப்புக்காரங்ககிட்ட கணக்கு இருக்கும். அந்தப் பெட்டி பக்கத்துல இருந்தா, அந்த ஊர்ல இருக்கோம்னு அர்த்தம். பெட்டி எங்கயும் நகராதுன்னு அதுக்கு ஒரு நம்பிக்க..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியிலும் 'இளவழகன் மொபைல்ஸ், ஆலங்காயம்' என்று பழைய ஸ்டிக்கர்.

"அந்தக் கடையில இருந்து கழட்டிக்கிட்டு வந்ததுங்களா?"

"ஆமா சார். நல்லாத்தான இருக்குது, புதுசு எதுக்குன்னு ரெண்டையும்..." இளவழகனும் நின்றான். முகத்தில் ரத்தம் ஏறியது. "ஐயோ. பெட்டி மலையேறிடுச்சு. மேப்பு இன்னும் கீழயே நிக்குது."

"அப்படின்னா டேப்பு ஆலங்காயத்துக்குப் போவவே இல்ல" என்றாள் சம்பூர்ணம். இந்தக் கேஸைப் பற்றி முதல் முறையாக அவள் வாயிலிருந்து கேள்விக்குறி இல்லாமல் ஒரு வாக்கியம் வந்தது. "செவ்வாக்கெழம சாயந்தரம், ஷைலா பஸ்ல போய்க்கிட்டிருந்த நேரத்துல, அது இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல கெடந்திருக்கு. பாஸ்வேர்டு போடாம எப்படி உள்ள வந்திச்சு?"

"போட வேணாம்மா. போன மாசம் இதே பெட்டிலதான அப்டேட் பண்ணேன். ஒரு தடவ சேந்தா மறக்காது. எவன் ஆன் பண்ணாலும் தானா வந்து ஒட்டிக்கும். ஆன் பண்ணவனுக்கே தெரியாது."

"ஒம் பெட்டி எவ்ளோ தூரம் எட்டும்?"

"கடைக்குள்ள எட்டும். முன்னால டீக்கடை பெஞ்சு வரைக்கும். அப்புறம்..."

சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஞானமேரி பாத்திரம் கழுவுகிற சத்தம், பக்கத்தில் உட்கார்ந்து கழுவுகிற மாதிரிக் கேட்டது.

ஜெஸ்வின் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நம்மள வேலைக்குக் கூப்பிட்டவங்க வூடு."

"ஆமா."

"அம்மாவா, புள்ளையா?"

"நீ இன்னா நெனைக்கிற?" என்றாள் சம்பூர்ணம். கேள்விக்குறி திரும்பி வந்துவிட்டது.

*

ஞானமேரி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் நின்றார்கள். இளவழகனைப் பார்த்ததும் ஞானமேரியின் முகம் சுருங்கியது. பிரவின்ராஜ் சுவரோரம் ஒதுங்கினான். புது மோர் வந்தது. ஜெஸ்வின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நல்ல சேதி" என்றாள் சம்பூர்ணம். "டேப்பு யாருகிட்ட இருக்குன்னு சாயந்தரத்துக்குள்ள தெரிஞ்சிடும். அந்த டேப்புல இருந்து யாரு யாருக்குப் போன் போச்சு, யாரு யாரு பேசினாங்கன்னு கம்பெனில கால் லிஸ்ட்டு கேட்டிருக்கோம். ஷைலா யார்கிட்ட பேசிச்சுன்னும் அதுல வந்துடும்."

ஜெஸ்வின் மோரை விழுங்க மறந்தான். அக்கா பச்சைப் பொய் சொல்கிறாள். இப்போதுதான் உட்கார வைத்து விளக்கியிருக்கிறான்!

"யார்கிட்ட பேசிச்சாம்?" என்று ஞானமேரி முன்னால் வந்தாள். கண்ணில் ஆவல்தான் இருந்தது, பயம் இல்லை.

"வராதுங்க" என்றான் பிரவின்ராஜ்.

"எது வராது?"

"லிஸ்ட்டு. அதுல போன் பேசவே முடியாதுங்களே. சிம்மு போடற எடமே கெடையாது. எல்லா பக்கமும் திருப்பிப்..."

வாயை மூடினான். மூடினது கொஞ்சம் லேட்.

காலையில் போலவே கூடத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இந்தத் தடவை போன் விழாமலே.

"காலைல பெரிய சைஸ் போனுன்னு சொன்னீங்க" என்றான் ஜெஸ்வின். "கையால தொட்டதில்லன்னும் சொன்னீங்க."

"இவரு... இளவழகன் சொன்னாரு."

"நானா?" என்றான் இளவழகன். "நீ எங்கூடப் பேசி எவ்ளோ நாளாவுது? அடுத்தடுத்த செவுரு, எதிர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்கிற. நான் எப்பப்பா ஒங்கிட்ட சொன்னேன்?"

ஜெஸ்வினுக்குள் ஏதோ சேர்ந்து பொருந்தியது. டம்ளரைக் கீழே வைத்தான். "பானைய ஒரசிக்கிட்டு நான் ஒக்காந்திருந்தேன். மோர்ல கை படும்னு நீங்க கத்தல. மூட்டை மேல ஒக்காந்ததுக்குத்தான் கத்தினீங்க. புளி ஒட்டிக்கும்னு எனக்காகக் கவலப்பட்டது நீங்க ஒருத்தர்தான்னு நெனைச்சேன். மனசுக்குள்ள நன்றியெல்லாம்கூட சொல்லிட்டேங்க."

மூலைக்குப் போய் மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை விட்டான். முழங்கை வரைக்கும் புளி. அதற்கடியில் சில்லென்று ஒரு கண்ணாடிப் பலகை. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தது.

காலையில் அவன் துப்புத் துலக்க வந்து, துப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"டேய்" என்றாள் ஞானமேரி.

பிரவின்ராஜ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "திருடணும்னு எடுக்கலம்மா. ஷைலா இவன்கிட்ட பேசும்போது சிரிக்குது. எங்கிட்ட 'ம்'னு ஒரு வார்த்தைதான். யார்கிட்ட எல்லாம் பேசுதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வெச்சிடலாம்னு... அன்னிக்கி அத பஸ்ஸு வரைக்கும் ஏத்திக்கினு போவ மையத்துக்குப் போனேன். பசங்கள வரிசையா அனுப்பிக்கிட்டிருந்திச்சு. அலமாரி தொறந்திருந்திச்சு."

"பாத்தீங்களா?" என்றான் ஜெஸ்வின்.

"கால் லிஸ்ட்டத் தேடுனேன் தேடுனேன், இல்லவே இல்லீங்க. மெசேஜும் இல்ல. மறுநாளு திருப்பி வெச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆலங்காயம், இவன் கடைன்னு ஊரே பேசிடுச்சு. நான் நெனைச்சதுதான் சரின்னு எனக்கே தோணிடுச்சு. டேப்பு எம் மூட்டைல இருக்கும்போதே!"

ஜெஸ்வின் டேப்பின் பட்டனை அழுத்தினான். கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. ஓரத்தில் வைஃபை அடையாளம் தானாக முளைத்தது. திரை நிறைய ஒரு படம். குழந்தை வரைந்த ஜீப். சக்கரம் நாலும் ஒரே பக்கம். ஜீப் முழுக்கப் பூ. ஸ்டியரிங்கில் மீசை வைத்த ஒருத்தன், பக்கத்தில் புடவை கட்டின ஒருத்தி. கீழே கோணல் எழுத்தில் 'டீச்சர் கல்யாணம்'.

"இத பாத்தீங்களா?"

பிரவின்ராஜ் 'ஆமா' என்று தலையை ஆட்டினான். நிமிரவில்லை.

கேலி பண்ண ஜெஸ்வினுக்கு நாலைந்து வாக்கியம் தயாராக இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு டேப்பை அக்கா கையில் கொடுத்தான்.

சம்பூர்ணம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அம்மா, நீங்க கேட்ட விசாரணை முடிஞ்சிது. பொண்ணு சொக்கத் தங்கம். நீங்க விசாரிக்கச் சொன்ன ஆளுதான் தப்பு."

*

படிப்பு மையத்துக்கு மறுபடி அதே ஜீப். ஓட்டினது அதே பிரவின்ராஜ். இந்தத் தடவை ஜெஸ்வின் ஜோக் சொல்லிப் பார்க்கவில்லை.

வெயில் இறங்கியிருந்தது. ஷைலா கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். சம்பூர்ணத்தின் கையில் டேப்பைப் பார்த்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த புளியைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை.

"ஏசுராஜ் சாருக்குப் பேசிட்டேன்" என்றாள் சம்பூர்ணம். "எங்க இருந்திச்சு, யாரு எடுத்தாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். திங்கக்கெழம யாரும் எங்கயும் போவ மாட்டாங்க."

"தேங்ஸுங்க."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும். இல்லீங்களா?" என்றான் ஜெஸ்வின்.

"மறுநாள் காலைல எண்ணும்போதே தெரியும். பசங்களத் தவிர உள்ள வந்தது அவரு ஒருத்தர்தான்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல? திருடின்னு பேரு கட்டினாங்களே!"

ஷைலா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "அவரே வந்து சொல்வாருன்னு பாத்தேன். புதன்கெழம சொல்வாரு, வியாழக்கெழம சொல்வாரு. இன்னிக்கிகூட ஒங்கள ஏத்திக்கினு வந்தாரே, அப்பவாவது உள்ள வருவாருன்னு பாத்தேன். கண்ணாடி தொடச்சாரு."

கொஞ்ச தூரத்தில் ஜீப் பக்கத்தில் நின்றிருந்த பிரவின்ராஜுக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஒரு அடி முன்னால் வைத்தான். "ஷைலா, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

எத்தனையோ கல்யாண விசாரணைக்குப் போயிருக்கிறான் ஜெஸ்வின். பெண்ணின் படிப்பைக் கேட்டிருக்கிறான், பழக்கத்தைக் கேட்டிருக்கிறான், அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறான். பெண்ணிடமே கேட்க வேண்டிய ஒரே கேள்வியை எந்த வீட்டிலும் யாரும் கேட்கச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. காலையிலிருந்து வாங்கின வளைந்த பதில்கள் எல்லாம் ஞாபகத்தில் இருக்க, இதற்கும் ஒரு எதிர்க்கேள்விதான் வரும் என்று தெரிந்தே கேட்டான்.

"நாளைக்குக் கோயில்ல மூணாவது ஓலை வாசிப்பாங்க. இவரக் கட்டிக்குவீங்களா?"

ஷைலா ஜீப்பைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள்.

"மாட்டேன். தடை இருக்கறவங்க சொல்லலாம்னு ஃபாதர் கேப்பாரு. நானே எழுந்திருப்பேன்."